எச் அண்ட் சி நிராகரிக்கப்பட்டால்: பெடரல் கோர்ட்டா, புது விண்ணப்பமா?

கனடாவில் மனிதாபிமான, கருணை அடிப்படையில் நிரந்தர வதிவிடம் கேட்கிற விண்ணப்பத்தை நாங்கள் எல்லோரும் ‘எச் அண்ட் சி’ என்றுதான் சொல்கிறோம். அது நிராகரிக்கப்பட்டால் பெடரல் கோர்ட்டுக்குப் போக 15 நாள்தான் அவகாசம். முடிவு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கிவிடும். கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவு என்றால் 60 நாள்.

அந்த 15 நாளில் முதல் நாலைந்து நாள் அதிர்ச்சியிலேயே போய்விடுகிறது. பிறகு ஆளுக்கொரு யோசனை. "கோர்ட்டுக்குப் போ" என்பார் மச்சான். "திரும்பப் போடுங்கோ, இந்த முறை நல்லாப் போடுவம்" என்பார் விண்ணப்பம் நிரப்பித் தந்த ஆலோசகர். "அதிகாரிக்கே ஒரு கடிதம் எழுதிப் பாருங்கோ" என்பார் கோயிலில் சந்தித்த ஒருவர். மூன்று வழியும் உண்மையிலேயே இருக்கிற வழிதான். உங்களுக்கு எது பொருந்தும் என்பது ஒரே ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது: பிழை முடிவில் இருக்கிறதா, நாங்கள் கொடுத்த கோப்பில் இருக்கிறதா?

நீங்கள் கொடுத்த ஆதாரத்தை அதிகாரி பார்க்காமல் விட்டால், அல்லது பார்த்தும் சட்டம் சொல்லாத அளவுகோலால் அளந்தால், பிழை முடிவில். அதைத் திருத்தத்தான் நீதிமன்றம் இருக்கிறது. ஆதாரமே கொடுக்கப்படவில்லை என்றால் பிழை கோப்பில். எவ்வளவு பெரிய சட்டத்தரணியைப் பிடித்தாலும் நீதிபதியால் அதைத் திருத்த முடியாது. அதிகாரியின் மேசையில் அன்று இருந்த தாள்களை மட்டுமே அவர் பார்ப்பார். நிராகரிப்புக்குப் பிறகு எடுத்த மருத்துவ அறிக்கையை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அங்கே கொண்டுபோக முடியாது. துன்பம் எவ்வளவு பெரியது என்பதை வைத்துக் கோர்ட்டுக்குப் போகலாமா என்று முடிவெடுப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

காரணங்களை வாசியுங்கள், கடிதத்தை அல்ல

வீட்டுக்கு வரும் நிராகரிப்புக் கடிதம் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். உண்மையான காரணங்கள் அதிகாரி தனியே எழுதிவைக்கும் பக்கங்களில் இருக்கும். கடிதத்துடன் அவை வராவிட்டால் கேட்டு வாங்கலாம். வாங்குவதற்கு முன்பே 15 நாள் முடிகிறதென்றால், காரணங்கள் கிடைக்கவில்லை என்று குறிப்பிட்டே கோர்ட்டில் மனுவைப் பதியலாம். பிறகு கோர்ட்டே அவற்றைக் குடிவரவுத் திணைக்களத்திடம் கேட்டுப் பெறும்.

அந்தக் குறிப்புகளுக்கு இருக்கும் மதிப்பு ஒரு பெண்ணின் போராட்டத்தால் வந்தது. ஜமெய்க்காவிலிருந்து வந்து வருடக்கணக்காக வீட்டு வேலை செய்த மேவிஸ் பேக்கருக்குக் கனடாவில் பிறந்த நான்கு பிள்ளைகள். அவருடைய விண்ணப்பத்தைக் காரணம் சொல்லாமல் நிராகரித்தார்கள். அவருடைய சட்டத்தரணி கேட்டபோது ஒரு அதிகாரியின் குறிப்புகள் கைக்கு வந்தன. ஒரு தாயையும் அவருடைய நோயையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பற்றி அவற்றில் இருந்த தொனி, திறந்த மனதோடு எடுத்த முடிவு அல்ல என்பதைக் காட்டிக்கொடுத்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. பிள்ளைகளின் நலனுக்கு அதிகாரி விழிப்போடும் உணர்வோடும் முக்கியத்துவம் கொடுக்க வேண்டும் என்றது. இன்று எழுதப்படும் ஒவ்வொரு எச் அண்ட் சி முடிவும் அந்தத் தீர்ப்பின் கீழேதான் வருகிறது.

மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வரும் காரணப் பக்கங்களில் அடிக்கடி பார்க்கும் இரண்டு வகைப் பந்திகளை இங்கே வைக்கிறேன். ஒன்று இப்படிப் போகும்: "விண்ணப்பதாரர் பல வருடம் ஒரே இடத்தில் வேலை செய்திருக்கிறார், வரி கட்டியிருக்கிறார், ஆங்கிலம் படித்திருக்கிறார். இந்தத் திறமைகளைக் கொண்டு சொந்த நாட்டிலும் அவரால் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியும்." வாசிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இங்கே வேரூன்றியதை விண்ணப்பதாரருக்குச் சாதகமாக எடைபோட வேண்டிய இடத்தில், அதையே திருப்பி அனுப்புவதற்குக் காரணமாக்கிவிட்டார் அதிகாரி. எவ்வளவு முயன்றாரோ அவ்வளவுக்கு அவர் தோற்பார் என்றாகிறது. 2015-இல் லோத்யூர் வழக்கில் பெடரல் கோர்ட் இந்தத் தர்க்கத்தை ஏற்கவில்லை. அதன் பிறகும் பல நீதிபதிகள் இதே பிழைக்காக முடிவுகளை ரத்துச் செய்திருக்கிறார்கள். உங்கள் காரணப் பக்கத்தில் இப்படி ஒரு பந்தி இருந்தால் பிழை முடிவில். கோர்ட் வழி உங்களுக்கு உண்மையிலேயே திறந்திருக்கிறது.

மற்றது இப்படி இருக்கும்: "விண்ணப்பதாரர் மன அழுத்தத்தால் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கூறுகிறார். மருத்துவ அறிக்கை எதுவும் சமர்ப்பிக்கப்படவில்லை." கசப்பாக இருந்தாலும் இதில் அதிகாரி சட்டப்படி பிழை விடவில்லை. 2004-இல் ஒவுசு வழக்கில் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. கானாவில் இருந்த பிள்ளைகளைப் பற்றி விண்ணப்பதாரர் ஒவுசுவின் சட்டத்தரணி எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. தன்னை நாடுகடத்தினால் அவர்களைப் பராமரிக்க வழியில்லை என்று. அந்த ஒரு வரியை வைத்துப் பிள்ளைகளின் நலனை அதிகாரி ஆராய வேண்டிய கடமை எழவில்லை என்று தீர்ப்பானது. ஆதாரம் வைப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. இப்படிப்பட்ட பந்திகளே உங்கள் பக்கங்களில் நிறைந்திருந்தால், கோர்ட்டில் செலவழிக்கிற பணத்தைப் புது விண்ணப்பத்துக்கான ஆதாரங்களில் போடுவதுதான் மேல்.

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரின் வழக்கு

இலங்கையின் வடக்கிலிருந்து வந்த ஒரு இளைஞனின் வழக்கை ஈழத்தமிழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இராணுவமும் பொலிசும் பிடித்து விசாரித்த பயத்தில், 2010-இல், பதின்ம வயதில் அவரைக் குடும்பம் கனடாவில் இருந்த உறவினரிடம் அனுப்பிவைத்தது. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டது. பிறகு போட்ட எச் அண்ட் சி-யும் மறுக்கப்பட்டது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் அவர் தோற்றார். 2015 டிசம்பர் 10-ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் வென்றார். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரோசலி அபெல்லா. இந்த வழக்கின் பெயரான ‘கந்தசாமி’ இல்லாமல் இன்று எச் அண்ட் சி வழக்கு எதுவும் வாதாடப்படுவதில்லை.

அதுவரை அதிகாரிகள் ‘வழமைக்கு மாறான, தகாத, அளவுக்கு மீறிய கஷ்டம்’ என்ற வார்த்தைகளை ஒரு வேலி மாதிரி வைத்து, அதைத் தாண்டாதவர்களை எல்லாம் மறுத்துவந்தார்கள். அந்த வார்த்தைகள் வழிகாட்டிதான், அவையே சட்டம் அல்ல, எல்லாச் சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்த்து நியாயமான ஒரு மனிதருக்கு இரக்கம் தோன்றுமா என்று கேட்க வேண்டும் என்றது தீர்ப்பு. அதைவிட என் மனதில் நிற்பது மனநல அறிக்கையைப் பற்றி அது சொன்னது. போர் தந்த மன அதிர்ச்சி அவருக்கு இருந்ததை அதிகாரி ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட பிறகும், சிகிச்சை எடுத்ததற்கு ஆதாரம் எங்கே, இலங்கையில் சிகிச்சை கிடைக்காது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். திருப்பி அனுப்பினால் மனநிலை மோசமாகும் என்பதே எடைபோடப்பட வேண்டிய விஷயம், அங்கே வைத்தியம் கிடைக்கிறதா இல்லையா என்பது அதை இல்லாமலாக்காது என்றது நீதிமன்றம். விண்ணப்பித்தபோது அவர் 18 வயது நிரம்பாதவர். அவரையே ஒரு பிள்ளையாகப் பார்க்கத் தவறியதும், இளம் தமிழர்கள் அங்கே எதிர்கொண்ட பாகுபாட்டுக்கு அவர் தனிப்பட்ட ஆதாரம் காட்டவேண்டும் என்று கேட்டதும் பிழை என்று சொல்லப்பட்டது.

உங்கள் பிள்ளையைப் பற்றி "வயது சிறிது, பழகிக்கொள்வார்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்களா? ஏற்றுக்கொண்ட மருத்துவ அறிக்கையை அடுத்த வரியில் சிகிச்சை இல்லையே என்று ஒதுக்கியிருக்கிறார்களா? அந்த வரிகளின் கீழே கோடு போட்டுக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.

கோர்ட் எதைத் தரும்

பெடரல் கோர்ட் மேன்முறையீட்டு மன்றம் அல்ல. முதலில் வழக்கைக் கேட்கவே அனுமதி வாங்க வேண்டும். சட்டத்தரணிகள் இதை ‘லீவ்’ என்பார்கள். எழுத்து ஆவணங்களை மட்டும் பார்த்து ஒரு நீதிபதி முடிவெடுப்பார். மறுத்தால் பொதுவாகக் காரணம் சொல்வதில்லை, அதற்கு மேல் முறையிடவும் முடியாது. அனுமதி கிடைத்தால் 30 நாளுக்கு முன்னரோ 90 நாளுக்குப் பின்னரோ அல்லாமல் விசாரணைத் திகதி குறிக்கப்பட வேண்டும் என்கிறது சட்டம். மனு போட்ட பிறகு முழுக் கோப்பையும் வாதங்களையும் சமர்ப்பிக்க விதிப்படி 30 நாள். வழக்குகள் குவிந்ததால் 2025 மே மாதம் நீதிமன்றம் அதை 75 நாளாக நீட்டியது. ஆனால் முதல் 15 நாள் நீளவில்லை. அதைத் தவறவிட்டால் விசேட காரணம் காட்டி நீடிப்புக் கேட்கலாம். "ஆலோசகர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம்" என்பது தனியே விசேட காரணமாக நிற்பது கடினம்.

விசாரணையில் நீதிபதி உங்கள் மீது இரக்கப்பட்டாரா என்பது முக்கியமில்லை. 2019-இல் வாவிலோவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, முடிவு நியாயமாகக் காரணம் காட்டப்பட்டதா, காரணங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, ஆதாரங்களோடு ஒத்துப்போகின்றனவா, இழக்கப்போவது எவ்வளவு பெரியது என்பதை அவை பிரதிபலிக்கின்றனவா என்றே பார்ப்பார். எடையை அவரே திரும்பப் போட மாட்டார். வென்றால்கூட பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) கிடைப்பதில்லை. முடிவு ரத்தாகி, விண்ணப்பம் வேறொரு அதிகாரியிடம் போகும். அவரும் மறுக்கலாம்.

அப்படியென்றால் ஏன் போக வேண்டும்? இரண்டு காரணம். பழைய விண்ணப்பம் உயிர் பெறுகிறது, வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. திரும்பப் பரிசீலிக்கும்போது, இடைப்பட்ட காலத்தில் வந்த புதிய ஆதாரங்களையும் சேர்த்துக் கொடுக்கலாம். பிழை வெளிப்படையாக இருக்கும் சில வழக்குகளில், அரசாங்கத்தின் சட்டத்தரணிகளே விசாரணைக்கு முன்னர் முடிவைத் திருப்பி அனுப்ப ஒப்புக்கொள்வதும் உண்டு.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. நாடுகடத்தல் திகதி கொடுக்கப்பட்டவர்களுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. எச் அண்ட் சி விண்ணப்பம் நிலுவையில் இருப்பது நாடுகடத்தலைத் தானாக நிறுத்தாது. கோர்ட் மனுவும் தானாக நிறுத்தாது. அகதி மேன்முறையீட்டுப் பிரிவின் முடிவை எதிர்த்துப் போகும்போது பலருக்குத் தானாகவே தடை கிடைப்பதால், இதற்கும் அப்படித்தான் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே ‘ஸ்டே’, அதாவது நாடுகடத்தலுக்கு இடைக்காலத் தடை, தனியாகக் கேட்க வேண்டும், கேட்பதற்கு அடியில் ஒரு மனு நிலுவையில் இருக்க வேண்டும். 1988-இல் டோத் வழக்கில் வகுத்த மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும்: வாதாடத் தகுந்த பிரச்சினை, ஈடுசெய்ய முடியாத பாதிப்பு, இரு தரப்பின் வசதிக்கேட்டில் உங்கள் பக்கம் கூடுதலாக இருப்பது. குடும்பம் பிரிவது, வேலை போவது போன்ற, நாடுகடத்தப்படும் எவருக்கும் நேரும் துயரங்கள் மட்டும் போதாது என்றே நீதிமன்றம் தொடர்ந்து சொல்லிவருகிறது. அது கொடுமையான அளவுகோல் என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் அதைத் தெரிந்துகொண்டுதான் ஆதாரம் திரட்ட வேண்டும்.

வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு வித்தியாசமும் உண்டு. எல்லைச் சேவை அதிகாரி நாடுகடத்தலைத் தள்ளிப்போட மறுத்ததை மட்டும் எதிர்த்து ஸ்டே கேட்டால், 2009-இன் பரோன் தீர்ப்பின்படி, முதல் படியே உயரமாகிவிடும், வாதம் கணிசமாக வலுவாக இருக்க வேண்டும். எச் அண்ட் சி மறுப்பை எதிர்த்த மனுவின் மேல் ஸ்டே கேட்டால் அந்தப் படி தாழ்ந்தது. 15 நாளுக்குள் மனுப் போட்டு வைத்தவருக்கும் போடாதவருக்கும், விமானச் சீட்டு வந்த அன்று இருக்கும் வித்தியாசம் இதுதான்.

புது விண்ணப்பம்

முதல் விண்ணப்பத்தில் முடிவு வந்துவிட்டதால் இன்னொன்று போடத் தடையில்லை. ஒரே நேரத்தில் இரண்டு நிலுவையில் இருக்கத்தான் கூடாது. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு 12 மாதம் ஆகாதவர்களுக்குத் தடை உண்டு. பிள்ளையின் நலன் நேரடியாகப் பாதிக்கப்பட்டால், அல்லது சொந்த நாட்டில் தகுந்த மருத்துவம் கிடைக்காமல் உயிருக்கு ஆபத்து என்றால், அந்தத் தடையிலிருந்து விலக்கு இருக்கிறது. விடுதலைப் புலிகளின் உறுப்பினர் என்ற குற்றச்சாட்டில் பாதுகாப்புக் காரணத்துக்காகத் தகுதியற்றவராக்கப்பட்டவர்களுக்கு எச் அண்ட் சி கதவு 2013-இலிருந்து மூடியிருக்கிறது. அவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும்.

புது விண்ணப்பத்தின் பலம், கோப்பை முதலிலிருந்து சரியாகக் கட்டலாம் என்பது. பள்ளிக்கூடக் கடிதம் வாங்கும்போது "நல்ல மாணவி" என்ற ஒற்றை வரி வேண்டாம். எந்த உதவித் திட்டத்தில் இருக்கிறாள், எந்த மொழியில் வாசிக்கிறாள், இடம் மாறினால் எது அறுந்துபோகும் என்று ஆசிரியர் எழுதட்டும். பலவீனம் காத்திருப்பு. மனிதாபிமானப் பிரிவும் வேறு சிலவும் சேர்ந்து 2025-க்கு அரசாங்கம் ஒதுக்கியது 10,000 இடங்கள். 2026-க்கு அது 6,900 ஆகக் குறைந்தது. வரிசையில் நிற்பவர்களோ அதைவிட மிக அதிகம். புதிதாகப் போடுகிறவர் வருடக்கணக்கில் காத்திருக்கத் தயாராக வேண்டும். முதல் கட்ட ஒப்புதல் வரும்வரை இந்த விண்ணப்பத்தை வைத்து வேலை அனுமதியும் கிடையாது.

அதிகாரிக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முடிவைத் திரும்பத் திறக்க அதிகாரிக்குச் சுதந்திரம் இருக்கிறது என்று 2010-இல் குருக்கள் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. திறந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடிவுக்கு முன்னரே அனுப்பிய ஆவணம் கோப்பில் சேராமல் போனது போன்ற தெளிவான தவறுகளுக்கு இது நல்ல வழி. ஆனால் கடிதம் போட்டதால் 15 நாள் நின்றுவிடாது. பதிலுக்குக் காத்திருந்து கோர்ட் வாய்ப்பை இழப்பதுதான் இந்த வழியின் ஆபத்து.

சொந்த நாட்டில் உயிராபத்து என்றால் நாடுகடத்தலுக்கு முந்தைய ஆபத்து மதிப்பீடு, கனடியக் குடியுரிமையோ பி.ஆரோ உள்ள துணை இருந்தால் இங்கிருந்தபடியே ஸ்பான்சர். இவை இரண்டும் தனிப் பாதைகள். பொருந்துமானால் முதலில் அவற்றைப் பாருங்கள்.

என் பரிந்துரை

காரணப் பக்கங்களில் உண்மையான சட்டப் பிழை ஒன்றாவது இருந்தால், அல்லது இருக்கிறதா என்று 15 நாளுக்குள் தெளிவாகாவிட்டால், மனுவைப் பதிந்துவிடுங்கள். பதிவுக் கட்டணம் 50 டொலர்தான், உரிமை காக்கப்படும். முழு வாதத்துக்குச் சட்டத்தரணி கேட்கும் பெரிய தொகையைக் கட்டுவதா இல்லையா என்பதைக் காரணங்கள் கையில் வந்த பிறகு தீர்மானிக்கலாம். பலமில்லை என்று தெரிந்தால் நிறுத்திவிட்டுப் புது விண்ணப்பத்துக்குப் போகலாம். பிழையும் உண்டு, புதிய ஆதாரமும் உண்டு, பணமும் உண்டு என்றால் இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். கோப்பு வெறுமையாக இருந்து நிராகரிக்கப்பட்டவர்கள் மட்டும், யாராவது கோர்ட்டுக்கு இழுத்தால் ‘எந்தப் பந்தியில் பிழை, காட்டுங்கள்’ என்று கேளுங்கள்.

குடிவரவு ஆலோசகர்கள் பெடரல் கோர்ட்டில் உங்களுக்காகத் தோன்ற முடியாது. அங்கே சட்டத்தரணி மட்டும்தான். முதல் வாரத்திலேயே ஒருவரைப் பாருங்கள், கையில் காசில்லாவிட்டால் ஒன்ராறியோ சட்ட உதவியை அன்றே அழையுங்கள். வருமானத்தையும் வழக்கின் பலத்தையும் பார்த்துத்தான் அவர்கள் முடிவெடுப்பார்கள், அதற்கும் நாள் எடுக்கும். வென்றாலும் எதிர்த்தரப்பு உங்கள் செலவைத் தருவது குடிவரவு வழக்குகளில் அரிது. தோற்றாலும் அவர்கள் செலவு பொதுவாக உங்கள் தலையில் விழாது.

எல்லாம் மூடி, போகத்தான் வேண்டும் என்றானால், போவதையும் சரியாகச் செய்ய வேண்டும். வெளியேற்ற ஆணை அமுலுக்கு வந்து 30 நாளுக்குள், எல்லைச் சேவையிடம் பதிந்துகொண்டு கிளம்பினால், பின்னாளில் திரும்பி வர விசேட அனுமதி தேவையில்லை. அந்த நாள் கடந்தால் அதே ஆணை நாடுகடத்தல் ஆணையாகிவிடும், பிறகு எப்போது திரும்பிவர விரும்பினாலும் அனுமதி வாங்க வேண்டும். நிலுவையில் இருக்கும் எச் அண்ட் சி விண்ணப்பம் நீங்கள் போன பிறகும் தொடரும், அதனால் புது முகவரியைத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். விமான நிலையத்தில் எல்லைச் சேவை அதிகாரி தரும் புறப்பாட்டுச் சான்றிதழைக் கையில் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள்.